மீனாட்சியம்மாளின் பாட்டு

இலங்கைத் தமிழருள் கடல் கடந்தும் பெயர் பெற்ற ஜனரஞ்சகப் பாடகர் யார் என்று வினவினால், இன்றைய மாணவர் உடனே இரண்டு பெயர்களைச் சொல்லுவர். ஒருவர், ‘சுராங்கனி’ என்ற பாட்டினால் தமிழகத்துத் தெருக்களிலெல்லாம் அறிமுகமாகி, சிலோன் மனோகர் என்ற பெயருடன் 2018இல் சென்னையில் மறைந்த ஏ. ஈ. மனோகரன். மற்றவர், 1975இல் லண்டனில் பிறந்து, பிள்ளைப் பருவத்தின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்திலே கழித்து, உலகப் பொப் இசை மேடைகளில் எம். ஐ. ஏ. என்று அழைக்கப்படும் மாயா அருள்பிரகாசம். இவர்கள் புகழைக் குறைத்துப் பேசுவது நமது எண்ணமன்று. ஆனால் இசைத்தட்டுக் கம்பனியும் சினிமாவும் வானொலியும் தொலைக்காட்சியும் சேர்ந்து தூக்கிச் சென்றாலொழிய ஒரு பாடகரின் பெயர் மக்களிடம் போய்ச் சேராது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி விட்டதே, அதனைத்தான் இங்கே கொஞ்சம் கிளறிப் பார்க்க விரும்புகிறோம். ஏனென்றால், இந்தச் சாதனங்களின் தயவின்றி, ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நாவலப்பிட்டியிலும் கூட்டம் கூட்டமாய் ஜனங்களைத் தம் குரலால் ஈர்த்த ஒரு பாடகி இந்நாட்டில் இருந்தார். அவர் பெயர் மீனாட்சியம்மாள். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி என்ற ஒரு வரியோடு அவரை முடித்து விடுவதே நம் சரித்திர ஆசிரியர்கள் பலரின் வழக்கம்.

அவர் பாடிய இடம் எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன்பின் கோப்பி நோய்கண்டு அழியவே, மலைச்சரிவுகள் யாவும் தேயிலைக்கு மாறின. அம்மலைகளில் உழைக்கத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிகளால் கூட்டி வரப்பட்ட மக்களுக்குத் தோட்டமே ஊர், தோட்டமே நாடு. விடியுமுன் தப்பொலி கேட்டு எழுந்து, பெரட்டுக் களத்திற்குப் போய், அந்தியிலே கொழுந்து நிறுத்து, லயத்துக் காம்பராவுக்குத் திரும்புவதே வாழ்க்கை. தோட்டம் துரையின் சொந்தச் சொத்து ஆதலால், வெளியார் எவர் உள்ளே நுழைந்தாலும் அத்துமீறல் குற்றம் சாட்டலாம். பத்திரிகை உள்ளே போகாது. போனாலும் வாசிக்கத் தெரிந்தவர் சிலரே. அதிலும் பெண்களில் வாசிக்கத் தெரிந்தவரைத் தேடத்தான் வேண்டும்.

ஆயினும் பாட்டுக்கு அங்கே பஞ்சமில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் கப்பலேறி வந்திருந்தன. மாசி மாதத்தில் காமன் கூத்து, பின்னர் அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கதை என்று இரவு முழுதும் விழித்திருந்து கேட்கும் மரபு இருந்தது. கண்டிச் சீமைக்கு வந்து கெட்ட கதையைத் தொழிலாளர் தாமே பாடிக்கொண்ட பாடல்கள் ஏராளம். மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை பிற்காலத்தில் இவற்றைத் தேடித் தொகுத்தார். அப்பாடல்களில் துயரம் உண்டு, கங்காணியைப் பற்றிய கேலியும் உண்டு. இல்லாதது ஒன்றுதான்: ‘நாம் என்ன செய்யலாம்’ என்ற கேள்வி. அந்தக் கேள்வியைப் பாட்டுக்குள் கொண்டு வந்தவர்களுள் முன் வரிசையில் நிற்பவர் மீனாட்சியம்மாள்.

நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர். வர்த்தகர்களுக்கான ஒரு பத்திரிகையை நடத்திக் கொண்டிருந்தவர். அதன் வேலையாக இலங்கைக்கு வந்தவர், தோட்டங்களின் நிலைமையைக் கண்ணாற் கண்டதும், 1920 அளவில் இங்கேயே தங்கி விட்டார். துரைமார் காவலைத் தாண்டி லயங்களுக்குள் நுழைவதற்காக அவர் புடவை வியாபாரி போல மூட்டை சுமந்து போன கதை மலையகத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. 1921இல் ‘தேசநேசன்’, பின்னர் ‘தேசபக்தன்’ என்று பத்திரிகைகள் நடத்தினார். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் சேர்ந்து உழைத்தார். இருபதுகளின் கடைசியில் வேலையின்மை பெருகியபோது குணசிங்கா இந்தியத் தொழிலாளருக்கு எதிரான பேச்சில் இறங்கவே, அவரைப் பிரிந்து மலைநாட்டுக்கு வந்து, 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். இந்த வேலைகளிலெல்லாம் மீனாட்சியம்மாள் கூடவே நின்றார். ‘தேசபக்தன்’ பத்திரிகையில் பெண்களுக்காக எழுதினார். கூட்டங்களிலே பாடினார்.

நடேசய்யர் பெரிய பேச்சாளர்தான். ஆனால் பகலெல்லாம் மலையேறி இறங்கிய ஜனங்களைக் கடைத்தெருவில் நிறுத்தி வைத்துச் சம்பளச் சட்டத்தின் ஷரத்துகளை விளக்குவது எளிதா? முதலில் மீனாட்சியம்மாள் பாடுவார். பாட்டுக்கு ஜனம் கூடும். பிறகு பேச்சு. கூட்டம் கலைந்த பின் பேச்சில் எவ்வளவு நினைவிருக்குமோ, பாட்டு நினைவில் இருக்கும். அதனைத் தோட்டத்து வாயிற் காவலன் தடுக்க முடியாது. அத்துமீறல் சட்டம் ஆளுக்குத்தான் உண்டு, மெட்டுக்கு இல்லை. கொழுந்து பறிக்கும் நிரையில் ஒருத்தி முணுமுணுக்க, அடுத்தவள் வாங்கிப் பாட, பேச்சாளர் காலடி வைக்க முடியாத மலைக்கும் அவருடைய வாதம் போய்ச் சேர்ந்தது.

மெட்டு விஷயத்தில் அவர் செய்த காரியம் கவனிக்கத் தக்கது. புது ராகம் தேடி அவர் அலையவில்லை. பாரதியின் பாடல்களை மேடைதோறும் பாடித் தோட்ட மக்களிடம் பரப்பினார். பின்னர் அதே மெட்டுகளிலும், மக்கள் அறிந்த வேறு மெட்டுகளிலும் தம் சொந்தப் பாடல்களை அமைத்தார். மெட்டு தெரிந்தது, சொல் மட்டுமே புதிது. ஆகையால் ஒரு தடவை கேட்டாற் போதும். இதே உபாயத்தை அமெரிக்காவில் கையாண்டவர் ஜோ ஹில். சுவீடன் நாட்டிலிருந்து பிழைக்கப் போன கூலித் தொழிலாளி அவர். தெருமுனையில் பாதிரிமார் பாடிய துதிப் பாடல்களின் மெட்டையே எடுத்து, அதில் வேலைநிறுத்தத்தையும் சங்கத்தையும் வைத்துப் பாடினார். கொலைக்குற்றம் சாட்டப்பட்டு 1915 நவம்பரில் யூட்டா மாகாணச் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜோ ஹில்லைப் பற்றி மீனாட்சியம்மாள் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்ட தொழிலாளரிடம் ஒரு கருத்தைக் கொண்டு போக முனைபவர் எந்த நாட்டிலும் இந்த வழிக்குத்தான் வந்து சேருவார் என்று நாம் கருதுகிறோம்.

தமிழகத்திலும் அது பாட்டுப் போராட்டக் காலம். 1928இல் சென்னை அரசாங்கம் பாரதியின் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. நாடக நடிகர் விசுவநாததாஸ் புராண வேடத்தில் நின்றபடியே தேசியப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை சென்று, 1940 டிசம்பர் 31ஆம் திகதி மேடையிலேயே உயிர் விட்டார். இருபதுகளில் கொழும்பு நாடக மேடைகளிற் பாடிய கே. பி. சுந்தராம்பாள் பின்னர் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். சுந்தராம்பாளின் குரல் இசைத்தட்டில் ஏறி வீடுகளுக்குப் போயிற்று. லயத்துக் காம்பராவில் கிராமபோன் ஏது? மீனாட்சியம்மாளின் பாட்டுக்கு அவரைக் கேட்டவர்களின் வாயே இசைத்தட்டு.

ஒரு பெண் மேடையேறி அரசியல் பாடியதன் பொருளை நாம் எளிதில் மறந்து விடுகிறோம். கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை. அதாவது தோட்டத்தின் வருமானமே அவர்கள் விரல் நுனியில் நிற்கிறது. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி, 1929 முதல் உயர்மலைத் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். சட்டமே போட்டு வைத்த வித்தியாசம் இது! ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்பது 1984இல்தான் வந்தது. அந்த 43 சதத்தையும் பல குடும்பங்களில் பெண்ணின் கையில் கொடுக்காமல் புருஷன் வாங்கிக் கொண்டான் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இத்தகைய சமூகத்தில், ஆண்கள் நிறைந்த கடைத்தெருக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, மந்திரிமாரின் செயலைப் பெயர் சொல்லிக் கண்டித்துப் பாடுகிறாள் என்றால், பாட்டின் சொற்களைக் காட்டிலும் அந்தக் காட்சியே கேட்டுக் கொண்டிருந்த பெண்களுக்கு அதிகம் சொல்லியிருக்கும்.

அப்பெண்களுக்கு அப்பொழுது ஓர் ஆயுதமும் இருந்தது. 1931இல் இலங்கைக்குச் சர்வஜன வாக்குரிமை கிடைத்தபோது, நிரந்தரக் குடியிருப்பைக் காட்ட முடிந்த தோட்டத் தொழிலாளரும், ஆண் பெண் பேதமின்றி, வாக்காளராயினர். 1936 தேர்தலில் ஹட்டன் தொகுதியிலிருந்து நடேசய்யர் அரசாங்க சபைக்குச் சென்றார். அந்த வெற்றியை எந்தப் பாட்டு எவ்வளவு தேடித் தந்தது என்று அளந்து சொல்ல வழியில்லை. தோட்டத்துக்குள் கூட்டம் போட முடியாத ஒரு வேட்பாளருக்குப் பாட்டைவிட நல்ல துண்டுப் பிரசுரம் இருந்திருக்க முடியாது என்பது மட்டும் தெளிவு.

1939இல் நிலைமை முற்றியது. அரசாங்க இலாகாக்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியத் தொழிலாளரை நீக்குவதென்று மந்திரிசபை தீர்மானித்தது. ஜவகர்லால் நேரு ஜூலையில் கொழும்புக்கு வந்து பேசியும் பலிக்கவில்லை. அவர் வந்த சமயத்திலேயே இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அடுத்த ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். அந்த 1940ஆம் ஆண்டிலேதான் மீனாட்சியம்மாளின் பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயருடன் சிறு புத்தகமாக வெளிவந்தன. தலைப்பைப் பாருங்கள். பாட்டுப் புத்தகத்துக்கு வைத்த பெயராகவா இருக்கிறது? ஒரு விசாரணைக் கமிஷனின் அறிக்கைக்கு வைத்த பெயர் போல அல்லவா இருக்கிறது! உள்ளேயும் அப்படித்தான். மலையைத் திருத்திய மக்களை அந்நியர் என்று துரத்தலாமா என்ற வழக்கு, மந்திரிமாரின் போக்கு, சட்டம் ஏட்டளவில் நின்று விடுவது, ஒற்றுமையின் தேவை ஆகியவையே பாட்டாகின்றன.

இவை கவிதையா, பிரசாரமா என்று சிலர் மூக்கைச் சுளிப்பர். பிரசாரம்தான். அவரே அதனை மறைக்கவில்லை. சொல்லழகு தேடிப் போகிறவருக்கு அந்தப் புத்தகத்தில் அதிகம் அகப்படாது என்பதையும் நாம் ஒப்புக் கொள்ளுகிறோம். நமக்குள்ள குறை வேறு. அப்பாடல்கள் பெரும்பாலும் ‘இந்தியர்’ என்று கூப்பிடுகின்றன, ‘தொழிலாளர்’ என்று கூப்பிடும் இடம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. கங்காணியும் கடைக்கார முதலாளியும் அந்த ‘இந்தியர்’ என்ற சொல்லின் நிழலில் ஒதுங்கிக் கொள்ள இடமிருந்தது. பக்கத்துக் கிராமத்தில் நிலமிழந்து நின்ற சிங்கள விவசாயியோடு பேசுவதற்கு அந்தச் சொல் உதவவில்லை. இதற்கு மீனாட்சியம்மாள் ஒருவரைப் பொறுப்பாக்குவது நியாயமா என்றால், இல்லை. தோட்ட மக்களை இந்தியர் என்று பிரித்து நிறுத்தியது முதலில் மந்திரிசபையும் குணசிங்காவின் பிரசாரமும்தான். அடிப்பவன் எந்தப் பெயரைச் சொல்லி அடிக்கிறானோ அந்தப் பெயரிலேயே அடிபட்டவன் கூவுகிறான். முல்லோயாவில் சமசமாஜக் கட்சியினர் வேறு மொழியிற் பேச முயன்றார்கள். அம்மொழிக்கு மீனாட்சியம்மாளைப் போன்ற ஒரு குரல் மலையகத்தில் வாய்க்கவில்லை.

1940க்குப் பின் தொழிலாளர் பெருமளவில் இலங்கை இந்தியக் காங்கிரசின் தொழிற்சங்கத்தை நாடினர். நடேசய்யரின் சம்மேளனம் தேய்ந்தது. 1947 நவம்பரில் அவர் காலமானார். அவ்வாண்டுத் தேர்தலில் மலையகத் தொகுதிகளிலிருந்து காங்கிரஸ் வேட்பாளர் ஏழுபேர் பாராளுமன்றம் சென்றனர். அவர்களுள் ஒருவர் தலவாக்கலைத் தொகுதியின் சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1936இல் ஹட்டனிலே மீனாட்சியம்மாளின் பாட்டைக் கேட்டு வாக்களிக்கப் போன பெண், பதின்மூன்று ஆண்டுகளில் நாடற்றவள் ஆனாள். அவளில் எத்தனை பேர் 1964 உடன்படிக்கையின் பின் இராமேசுவரம் கப்பலேறினர்!

மேடைப் பாட்டு அதன்பிறகும் உடனே ஓய்ந்து விடவில்லை. ஜில் சுல்தான், கே. கே. ஜபார், எஸ். எஸ். நாதன் முதலியோர் சம்பள நாள்களிலும் திருவிழாக்களிலும் பாடி, பாட்டுப் புத்தகம் விற்று மலைநாட்டைச் சுற்றினர். அவர்களுடைய மெல்லிய தாள்கள் பல, லயத்துக் கூரை ஒழுக்கிலும் அடுப்படியிலும் போய் விட்டன. மீனாட்சியம்மாளின் பாட்டுக்கும் அந்தக் கதியே நேர்ந்திருக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்துக் கொண்டே மலையகத்தின் பழைய ஏடுகளைத் தேடித் திரிந்த சாரல்நாடன், ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்ற நூலை 1988இல் வெளியிட்டார். பாடகியின் பெயரும் பாட்டும் ஆசிரியர்களின் கைக்கு மீண்டும் வந்து சேர்ந்தது அவரைப் போன்றோரின் உழைப்பினாலேதான். நாடற்றவர் பிரச்சினையைத் தீர்ப்பதற்கென்று இலங்கைப் பாராளுமன்றம் ஒரு விசேடச் சட்டத்தை நிறைவேற்றியதும் அதே 1988இல்தான். எஞ்சியோருக்கு 2003 வரை இன்னொரு சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.