ஆராய்ச்சி (காலாண்டிதழ்)

மொழி, பண்பாடு, சமூகம் ஆகியவற்றை ஆராய்ந்த தமிழ் இதழ். 1969இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. இதன் ஆசிரியர் நா. வானமாமலை (1917–1980), நாங்குநேரிக்காரர். பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு டுடோரியல் நடத்தி வந்தவர். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்துகொண்டு இத்தரத்தில் ஓர் ஆய்விதழை நடத்திக் காட்டியது சாதாரணக் காரியமல்ல.

இதழுக்கு முன்பே குழு பிறந்துவிட்டது. 1967இல் அவர் தொடங்கிய நெல்லை ஆய்வுக் குழுவில் கல்லூரி ஆசிரியர்களோடு மாணவர்களும் இளைஞர்களும் சமமாக உட்கார்ந்தார்கள். மாதக் கூட்டத்தில் ஒருவர் கட்டுரை வாசிப்பார். மற்றவர்கள் கேள்விகளால் துளைப்பார்கள். அதில் தேறியவை ‘ஆராய்ச்சி’யில் அச்சேறின. அந்தக் கூட்டங்களே பலருக்கு ஆய்வுப் பள்ளிக்கூடம்.

வானமாமலை மார்க்சியர். இலக்கியத்தையும் வழிபாட்டையும் அவை பிறந்த சமூகத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்றார். அதற்கு ஏட்டிலக்கியம் மட்டும் போதாது. எனவே வில்லுப்பாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் சான்றுகளாயின. எஸ்.எஸ். போத்தையா, எஸ்.எம். கார்க்கி முதலியோர் ஊர் ஊராகத் திரட்டிய பாடல்களை அவர் 1964இலேயே ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ என்று தொகுத்திருந்தார். 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் அவர் பதிப்பித்த கதைப்பாடல்களை வெளியிட்டது. அவற்றுள் ‘முத்துப்பட்டன் கதை’ அவருடைய முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. பிராமணனான முத்துப்பட்டன் சக்கிலியப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, மாமனாரின் மாட்டுக் கிடையைக் காக்கப் போரிட்டு உயிர்விடுகிறான். பிற்கால வடிவங்களிலோ அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள் என்று கதை திருத்தப்பட்டிருக்கிறது. யாருக்காக இந்தத் திருத்தம் என்று வானமாமலை கேட்டார். பாடபேதம் பார்ப்பதைச் சாதி வரலாறு பார்ப்பதாக மாற்றிய கேள்வி அது.

1980இல் அவர் இறந்தார். நாட்டார் வழக்காற்றியல் தமிழகக் கல்லூரிகளில் தனிப் பாடமாக வேர்விட்டது அதற்குப் பிறகுதான். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி அதில் முன்னே நின்றது. குழுவில் உருவானவர்களுள் ஒருவர் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆ. சிவசுப்பிரமணியன். உப்பை வைத்தே தமிழ்ச் சமூகத்தின் வரலாற்றைச் சொல்லும் ‘உப்பிட்டவரை’ அவர் எழுதியது.