உறங்கும் வண்டும் ஊதும் வண்டும்

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையை அடைந்ததும், ஆதி அருணாசலேசுவரர் கோயிலைத் தொழுதவர்கள் மாணிக்கவாசகர் கோயிலிலும் சற்று நிற்பார்கள். அவர் திருவெம்பாவையை இங்கேதான் பாடினார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. மார்கழியில் அந்த 20 பாட்டோடு ஆண்டாளின் திருப்பாவை 30 பாட்டும் தமிழகமெங்கும் ஒலிக்கின்றன. நோன்பு, தோழியை எழுப்புதல், நீராடல், மழை வேண்டல் என்று இரண்டுக்கும் பொதுவானவை பல. பக்தி நூல்களாக அவற்றை ஒப்பிட்டவர்களும் பலர். நான் ஒப்பிட விரும்புவது இருவருடைய கண்களை. பூ, பறவை, வண்டு போன்ற எளிய உயிர்களிலிருந்து இவர்கள் எப்படி இன்பத்தையும் கவிதையையும் எடுத்தார்கள்?

ஆண்டாளிடமிருந்து தொடங்குவோம். மழை பெய்தால் நாடு செழிக்கும் என்று சொல்ல வந்த இடத்தில், ஓங்கி வளர்ந்த செந்நெல்லுக்குள் கயல்மீன் துள்ளுவதையும், குவளைப் பூவுக்குள் புள்ளி வண்டு ஒன்று தூங்குவதையும் காட்டுகிறாள். செழிப்பைச் சொல்ல நெல்லே போதும். வண்டின் தூக்கத்தால் நோன்புக்கு ஒரு பயனும் இல்லை. பார்த்ததில் பிறந்த மகிழ்ச்சி ஒன்றுதான் அந்த வண்டைப் பாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது.

பொழுது விடிந்ததை மெய்ப்பிக்க அவள் அழைக்கும் சாட்சிகளும் அப்படிப்பட்டவையே. கொல்லைப்புறக் குளத்தில் செங்கழுநீர் விரிந்துவிட்டது, ஆம்பல் கூம்பிவிட்டது. வெள்ளாம்பல் இரவில் மலர்ந்து, வெயில் ஏற ஏற மூடிக்கொள்ளும் பூ. அவள் சொல்லும் ஆனைச்சாத்தனை நாம் கரிச்சான் என்கிறோம். மற்ற பறவைகள் விழிக்கும் முன்பே, இருட்டிலேயே குரல் கொடுக்கத் தொடங்கும் பறவை அது. பனிப்புல்லை மேய எருமைகளைச் சற்று நேரம் அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். வானத்தில் வெள்ளி எழுந்து வியாழன் மறைந்திருக்கிறது. இந்தக் கடைசிச் செய்தியை வைத்துத்தான் மு. இராகவையங்கார் ஆண்டாளின் காலத்தைக் கி.பி. 731 என்று கணித்தார். அந்த முடிவை எல்லாரும் ஏற்கவில்லை. ஆனாலும் ஒரு பாட்டை நம்பி வானியல் கணக்குப் போட முடிந்தது என்பதே அவள் பார்வையின் கூர்மைக்குச் சான்று.

மாணிக்கவாசகரின் விடியல் வேறு. அண்ணாமலையைப் பெயர் சொல்லி அழைக்கும் பாட்டில் மலையின் உயரத்தைப் பற்றி அவர் பேசவில்லை. இறைவன் திருவடியில் வணங்கும் தேவர்களின் முடிமணிகள் ஒளி இழப்பதைச் சொல்லி, கதிரவன் வரவர விண்மீன்கள் மங்குவதை அதன் அருகில் வைக்கிறார். ஆண்டாளுக்கு வெள்ளியும் வியாழனும் தனித்தனிப் பெயருடைய அண்டை வீட்டார். மாணிக்கவாசகருக்கோ மீன்கள் அனைத்தும் ஒரு பேரொளியில் கரைபவை.

அவருடைய குளத்தையும் பார்க்கலாம். கருங்குவளையும் செந்தாமரையும் பூத்திருக்கின்றன, பறவைகள் கூடியிருக்கின்றன, அழுக்கைக் கழுவ மக்கள் வந்து சேர்கிறார்கள். ஆண்டாளாக இருந்தால் எந்தப் பூ விரிந்தது, எது கூம்பியது என்று சொல்லியிருப்பாள். இவர் அந்தக் கருமையில் உமையையும் செம்மையில் சிவனையும் காண்கிறார். அதன்பின் அது வெறும் குளமாக இருப்பதில்லை. அம்மையும் அப்பனும் சேர்ந்து நிற்கும் இடமாகிவிட, பெண்கள் அதில் பாய்ந்து ஆடுகிறார்கள்.

மழைப் பாட்டுகளில் இந்த வேறுபாடு இன்னும் துலங்குகிறது. கடல்நீரை முகந்து மேகம் கறுத்து எழுகிறது என்பதுவரை இருவரும் சொல்வது ஒன்றே. அதற்குமேல் ஆண்டாளுக்கு மின்னல் சக்கரம், இடி சங்கு, மழைத்தாரை வில்லிலிருந்து பாயும் அம்பு. மாணிக்கவாசகருக்கு மின்னல் அம்மையின் இடை, இடி அவள் காற்சிலம்பு, வானவில் அவள் புருவம். வானத்தையே நிறைக்கும் இடியோசையை ஒரு சிலம்பொலிக்குள் அடக்கிவிடுகிறார். குளத்தில் சிறியதைப் பெரிதாக்கியவர், இங்கே பெரியதைச் சிறிதாக்குகிறார். அவர் கவிதை இயங்குவதே இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

வண்டுக்குத் திரும்புவோம். திருவாசகத்தின் திருக்கோத்தும்பியில் மாணிக்கவாசகரும் ஒரு வண்டோடு பேசுகிறார். தினையளவு தேனுக்காகப் பூவைச் சுற்றாதே, நினைத்தாலே இன்பம் பெருகும் கூத்தனிடம் போய் ஊது என்கிறார். ஆண்டாள் பூவுக்குள் தூங்கவிட்ட வண்டை இவர் பூவிலிருந்தே கிளப்பிவிடுகிறார். இதைக் கொண்டு அவருக்குச் சிறியவற்றின்மேல் அன்பில்லை என்று முடிவுகட்டுவது தவறு. ஒரு பூவில் எவ்வளவு தேன் இருக்கும் என்று உற்றுப் பார்த்தவருக்குத்தான் தினை என்ற அளவு வாயில் வரும்.

ஆண்டாள் சிறியதைச் சிறியதாகவே நேசிக்கிறாள். மாணிக்கவாசகர் அதன் வழியே எல்லையற்றதைத் தொடுகிறார். இவற்றுள் எது உயர்ந்தது என்ற வழக்கு எனக்கு வேண்டாம். ஆனால் எது முந்தியது என்பதில் எனக்கு ஐயமில்லை. குவளையின் கருமையும் தாமரையின் செம்மையும் முதலில் கண்ணில் சரியாகப் பதிந்தால்தான் உமையும் சிவனும் அங்கே வருவார்கள். பார்க்காமல் உவமை தேடுகிறவருக்குக் கிடைப்பது பிறர் சொல்லித் தேய்ந்த உவமைதான்.

கவிதை எழுத, படம் வரையத் தொடங்கும் பிள்ளைகளை அடி அண்ணாமலைக்கு அழைத்து வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: 2,668 அடி மலையை அவர்கள் தாமாகவே பார்ப்பார்கள். வடகிழக்குப் பருவமழையில் நிறைந்த ஏரியோரம் ஒரு விடியற்காலையில் உட்காரவையுங்கள். எந்தப் பறவை முதலில் கூவுகிறது, எந்தப் பூ எப்போது மூடுகிறது என்று கேளுங்கள். அதற்கு என்ன பொருள் என்று அன்றைக்கே கேட்டுவிடாதீர்கள்.