கோடைக்கு ஒரு லேஸ் சட்டை: ஒற்றை ஊசி கடந்து வந்த 200 ஆண்டுகள்



அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. காரைக்குடியில் காலை பத்து மணிக்கே முற்றத்துக் கல் காலைச் சுடுகிறது. போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது பெங்களூரில் இருப்பவள், ஒரு படம் அனுப்பியிருந்தாள். வெள்ளை நூலில் வலை வலையாகப் பின்னிய மெல்லிய மேல்சட்டை. "டீச்சர், இதைக் குரோஷே டாப் என்கிறார்கள். நீங்கள் தையல் பீரியடில் பின்னுவீர்களே, அதுதானே? இது எந்த ஊர்ச் சரக்கு?" என்று கேட்டிருந்தாள்.

அதேதான் அம்மா. நாங்கள் குரோஷா என்போம், அல்லது பொத்தாம்பொதுவாக "லேஸ் போடுவது" என்போம். எந்த ஊர்ச் சரக்கு என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. வரலாற்று ஆசிரியையிடம் கேட்டால் இப்படித்தான் நீளும். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லேஸ் என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொல்கிறோம். ஒன்று தலையணை லேஸ். திண்டு போன்ற ஒரு தலையணைமேல் குண்டூசிகளை வரைபடத்தின்படி குத்தி, பல சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப் போட்டுப் பின்னுவது. இன்னொன்று குரோஷா. ஒரே நூல், முனையில் கொக்கி உள்ள ஒரே ஊசி. சுருக்குக்குள் சுருக்காக இழுத்து இழுத்துச் சங்கிலியாக்கி, அந்தச் சங்கிலிமேல் தூண் போலப் பின்னல்களை எழுப்புவது. தலையணை லேஸுக்கு இடமும் சாமானும் வேண்டும். குரோஷாவை அடுப்படியிலும் திண்ணையிலும் பேருந்திலும்கூடப் போடலாம். அதனால்தான் அது எளிதாக ஊர் ஊராகப் பரவியது. பின்னால் சொல்லப்போகும் துயரத்துக்கும் காரணம் அதுவேதான்.

நம் தெற்கில் லேஸ் வேலை வேரூன்றிய இடம் நாகர்கோவில். லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819 டிசம்பரில் அங்கே வந்தார்கள். மார்த்தா அம்மையார் பெண்களுக்கு ஒரு பள்ளி நடத்தினார். இன்றைய டதி பெண்கள் பள்ளியின் வேர் அதுதான். 1821-ல் அந்தப் பிள்ளைகளுக்குத் தலையணை லேஸ் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். இங்கிலாந்தின் ஹானிட்டன், பக்கிங்காம் பகுதிகளில் கிராமத்துப் பெண்கள் வயிற்றுப்பாட்டுக்குச் செய்துவந்த தொழில் அது.

அப்போது அது திருவிதாங்கூர் அரசின் பகுதி. அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். மால்ட் அம்மையாரிடம் படித்த பிள்ளைகளில் அடிமைக் குடும்பத்தாரும் இருந்தார்கள். லேஸ் விற்ற காசைச் சேர்த்து அவர்களில் சிலர் தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. நூலால் விலங்கை அறுத்தார்கள் என்றால் அது வெறும் உவமை இல்லை.

அந்த மண்ணுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் தோள்சீலைப் போராட்டம் பற்றி நான் சொன்னது சிலருக்காவது நினைவிருக்கும். நாடார் பெண்களும் மற்றும் பல சாதிப் பெண்களும் மார்பை மறைத்துத் தோளில் சீலை போடக்கூடாது என்று தடை இருந்த காலம். மிஷனரிகளின் மனைவியர் தளர்வான ஒரு சட்டையைத் தைத்துப் போடப் பழக்கினார்கள். அதற்குக் குப்பாயம் என்று பெயர். 1829-ல் வந்த அரசாணை, கிறிஸ்தவ நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், ஆனால் மேல்சாதியார் போல் தோள்சீலை போடக்கூடாது என்றது. கலவரங்கள் அதோடு நிற்கவில்லை. 1858-லும் 1859-லும் மறுபடி வெடித்தன. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் அழுத்தம் கொடுத்த பிறகு, 1859 ஜூலை 26-ல் வந்த அறிவிப்புதான் நாடார் பெண்கள் எல்லோருக்கும் மேலாடை உரிமையைத் தந்தது. அப்போதும்கூட மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற வாலை வெட்டவில்லை.

நம் பக்கத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் அப்பத்தா தலைமுறையில் பலர் ரவிக்கையே போட்டதில்லை. கட்டம் போட்ட முரட்டுக் கண்டாங்கிச் சேலையை இறுக்கி உடுத்தி, அந்த ஒரே துணியில் கோடையையும் குளிரையும் கடத்தினார்கள். அது அவர்கள் வழக்கம். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. போடாமல் இருந்தது வேறு, போடக்கூடாது என்று அடித்தது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்" என்று சொல்பவர்களிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள். ஒரு சட்டைக்காக அடிவாங்கிய பெண்கள் வாழ்ந்த ஊரிலேயே, அவர்களின் அக்கம்பக்கத்துப் பெண்கள் வெளிநாட்டுச் சீமாட்டிகளின் சட்டைக் கழுத்துக்கு லேஸ் பின்னினார்கள். வரலாறு இப்படித்தான் ஒரே தெருவில் இரண்டு முகத்தோடு நிற்கும்.

மால்ட் தம்பதியின் மகள் எலிசா, 1822-ல் நாகர்கோவிலிலேயே பிறந்தவர். தமிழ் அவருக்குப் பேச்சுமொழி. 1844-ல் அவர் மணந்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே ராபர்ட் கால்டுவெல்லை! கால்டுவெல் என்றால் நமக்கு 1856-ல் வந்த அந்த நூல் மட்டும்தான் நினைவுக்கு வரும். திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டு ஓரத்தில், இடையன்குடியில், எலிசா அம்மையார் பெண்களுக்குப் பள்ளி நடத்தி லேஸ் தொழிலையும் நிலைநாட்டினார். கணவருக்குச் சிலை இருக்கிறது. மனைவியின் பெயர் நம் பாடப்புத்தகத்தில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பின்னர் 1897-ல் பெல்ஜியத்திலிருந்து வந்த மேரி லூயிஸ் டி மீஸ்டர் என்ற கன்னியாஸ்திரீ, முளகுமூட்டில் அனாதைப் பிள்ளைகளையும் விதவைகளையும் சேர்த்துக்கொண்டு லேஸும் பூத்தையலும் நடத்தினார். குமரி மாவட்டத்தில் அந்தக் கைவேலை இன்றும் பேசப்படுவது இவர்களால்தான்.

இனி ஒற்றை ஊசிக்கு வருவோம். குரோஷே என்பது கொக்கி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடும் ஆசிய வேலைதான் 18-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போய், பிறகு துணியே இல்லாமல் காற்றில் பின்னும் குரோஷாவாக மாறியது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தச் சட்டமும் கொக்கி ஊசியும் எது தெரியுமா? இப்போது கல்யாண ரவிக்கைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போடுகிறீர்களே, அந்த ஆரி வேலைதான். அந்தக் கருத்து சரியென்றால், ஆரியும் குரோஷாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அச்சில் வந்த முதல் குரோஷா மாதிரிகள் 1823-ல் பெனலோப் என்ற டச்சு இதழில் வெளியாயின. ஆனால் அதை உலகறியச் செய்தது பசி. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். கன்னியாஸ்திரீ மடங்களில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் குரோஷா சொல்லிக்கொடுத்தார்கள். வெனிஸ் நகரத்தின் விலையுயர்ந்த ஊசி லேஸைப் பார்த்து, அதையே விரைவாகவும் மலிவாகவும் கொக்கியில் செய்தார்கள். ஒருத்தி ரோஜா மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி இலை மட்டும், மூன்றாமவள் எல்லாவற்றையும் வலையில் சேர்ப்பாள். வீடே தொழிற்சாலை ஆனது.

இதே கதை நம் பக்கத்து ஆந்திராவிலும் நடந்தது. மேற்குக் கோதாவரியின் நரசாபுரம் வட்டாரத்தில், 1844-ல் வந்த மெக்ரே என்ற ஸ்காட்லாந்து மிஷனரித் தம்பதி இதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். 20-ம் நூற்றாண்டில் அது பெரும் ஏற்றுமதித் தொழிலானது. நரசாபுரம் குரோஷா லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்த ஊரில் 1970-களின் பிற்பகுதியில் தங்கி ஆராய்ந்தவர் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர். 1982-ல் நூலாக வெளியிட்டார். சுமார் ஒரு லட்சம் பெண்கள் லேஸ் பின்னினார்கள். நாளெல்லாம் ஏழெட்டு மணி நேரம் குனிந்து பின்னினாலும் கூலி ஒரு ரூபாயைத் தொடவில்லை. அயர்லாந்தைப் போலவே இங்கும் பூப்பின்னுபவள் வேறு, கோப்பவள் வேறு. தான் பின்னியது கடைசியில் என்ன உருவமானது என்பதே பலருக்குத் தெரியாது. ஏன் இவ்வளவு குறைந்த கூலி? மீஸ் சொன்ன காரணம்தான் என்னை யோசிக்கவைத்தது. இவர்களை யாரும் தொழிலாளி என்று எண்ணவில்லை. "வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் ஏதோ போடுகிறார்கள்" என்றார்கள். அந்தப் பெண்களும் அப்படியே நம்பினார்கள். பொழுதுபோக்கு என்று பெயர் வைத்துவிட்டால் கூலி கேட்க வாய் வராது.

நம் செட்டிநாட்டில் லேஸ் தொழிலாகவில்லை. இங்கே ஆச்சிமார் பனையோலைக் கொட்டான் முடைந்தார்கள், மணி வேலை செய்தார்கள், குரோஷாவும் போட்டார்கள். எல்லாம் வீட்டுக்கும் சீருக்கும்தான். ஆண்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கொண்டுவிற்க, பெண்கள் நீளமான வளவுகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் ஓடிய நூல் எவ்வளவு என்று யார் அளந்தது? 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததும் பிழைப்பு உடைந்தது. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குள் போனால், எனாமல் அடுக்குக்கும் தேக்குப் பெட்டிக்கும் நடுவே எப்போதாவது மஞ்சள் பூத்த லேஸ் விரிப்பு ஒன்று கண்ணில் படும். தேக்குக்குப் பர்மா என்று ஊர் சொல்வார்கள். லேஸுக்குப் பின்னியவள் பெயர் யாருக்கும் தெரியாது.

இனி பின்ன விரும்புகிறவர்களுக்கு.

நூல் பருத்தியாகவே இருக்கட்டும். செயற்கை நூல் நம் வேர்வையை உறிஞ்சாது. மெர்சரைஸ்டு நூல் என்று கேளுங்கள். 1844-ல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தியைக் காரத்தில் நனைத்தால் உறுதியும் சாயம் பிடிக்கும் தன்மையும் கூடுவதைக் கண்டார். இழுத்துப் பிடித்து நனைத்தால் பட்டு போல மினுக்கும் என்பது 1890-ல் தெரிந்தது. நூலின் எண் ஏற ஏற நூல் மெலியும். 20-ம் எண் நூலுக்கு வழக்கமாக 1.25 மி.மீ. ஊசி போடுவோம். மேல்சட்டைக்கு 2 மி.மீ. ஊசி எடுங்கள். பின்னல் தளர்ந்து துணி உடம்போடு விழும், காற்றும் போகும். ஒரு ட்ரெபிள், இரண்டு சங்கிலி, மறுபடி ட்ரெபிள் என்று சாதாரணக் கட்டவலை போதும். முன்பக்கம் ஒரு சதுரம், பின்பக்கம் ஒரு சதுரம், தோளிலும் பக்கத்திலும் சேர்த்தால் சட்டை.

இரண்டு எச்சரிக்கை. யூடியூபில் அமெரிக்கர்கள் "டபுள்" என்பது நாம் பள்ளியில் படித்த ஆங்கிலேயர் முறையில் "ட்ரெபிள்". தெரியாமல் போட்டால் அளவு கெடும். அடுத்து, துவைத்தபின் கொடியில் தொங்கவிடாதீர்கள். ஈரப் பருத்தி தன் கனத்தாலேயே நீண்டுவிடும். துண்டின்மேல் பரப்பி நிழலில் காயவையுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. கைப்பின்னல் குரோஷாவை அப்படியே போடும் இயந்திரம் தொழில் அளவில் புழக்கத்துக்கு வரவில்லை. குரோஷா இயந்திரம் என்று சொல்லி விற்பது வேறு வகைப் பின்னல். ஆகவே உண்மையான குரோஷாச் சட்டை ஒன்றை நீங்கள் எங்கே வாங்கினாலும், எங்கோ ஒரு பெண் உட்கார்ந்து கையால் பின்னியதுதான் அது. போன மாதம் ஒரு கண்காட்சியில் அப்படி ஒரு சட்டை 599 ரூபாய்க்குத் தொங்கியது. எளிய கட்டவலைச் சட்டைக்கே எனக்கு 30 மணி நேரம் பிடிக்கிறது. கை வேகமானவர்களுக்குக் கொஞ்சம் குறையலாம். நூலுக்கு 250 ரூபாய் கழித்தால் மீதி 349. மணிக்கு 12 ரூபாய்கூடத் தேறவில்லை. அதிலும் கடைக்காரர் பங்கு, இடைத்தரகர் பங்கு, போக்குவரத்து எல்லாம் போக வேண்டும். மீஸ் நரசாபுரத்தில் பார்த்த கணக்கும் இந்தக் கணக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே பாருங்கள்.

வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. வாங்காவிட்டால் அந்த 12 ரூபாயும் போகும். பின்னியவர் கையிலிருந்தே வாங்க முடிந்தால் வாங்குங்கள், அவரிடம் மட்டும் பேரம் பேசாதீர்கள். மாலில் பேசாத பேரத்தைத் திண்ணையில் பேசுவது என்ன நியாயம்?

எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம். வயதானாலும் நான் டீச்சர்தானே! உங்கள் வீட்டு அலமாரியிலோ பெட்டகத்திலோ பழைய லேஸ் துண்டு ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். பின்னியது யார் என்று பெரியவர்களிடம் இப்போதே கேளுங்கள். அந்தப் பெயரை ஒரு வெள்ளைத் துணிப்பட்டையில் எழுதி ஓரத்தில் தைத்து வையுங்கள். முடிந்தால் படத்தோடு அந்தப் பெயரைக் கீழே எழுதுங்கள். நானும் படித்துக்கொள்கிறேன்.

உச்சி வெயிலில் வெளியே அலையாதீர்கள். மோர் குடியுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.