குப்பை யாருக்குச் சொந்தம்?

வீட்டு வாசலில் வைத்த குப்பை யாருக்குச் சொந்தம்? வைத்தவருக்கா, எடுப்பவருக்கா, மாநகராட்சிக்கா? வேடிக்கையான கேள்விதான். ஆனால், எகிப்தின் தலைநகரான கெய்ரோவில் இதற்கு அரசாங்கம் சொன்ன பதில் பல்லாயிரம் குடும்பங்களின் வயிற்றில் அடித்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலைவனச் சோலைகளிலிருந்து வந்த வாஹியா மக்கள், குப்பை எடுக்கும் உரிமையைக் கட்டட உரிமையாளர்களிடம் காசு கொடுத்து வாங்கினார்கள். ஆம், குப்பைக்குக் காசு! பொதுக் குளியல் கூடங்களில் வெந்நீர் போட அதுதான் எரிபொருள். 1940ஆம் ஆண்டுகளில் அசியூட் வட்டாரத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த விவசாயிகள் அவர்களோடு சேர்ந்தனர். பெரும்பாலோர் காப்டிக் கிறிஸ்துவர்கள். இவர்களைத்தான் 'ஸபாலீன்', அதாவது குப்பைக்காரர்கள் என்று ஊர் அழைத்தது.

ஆண்கள் மாடிப்படி ஏறி வீடு வீடாகக் குப்பை எடுப்பார்கள். மொகட்டம் மலையடிவாரக் குடியிருப்பில் பெண்கள் அதைத் தரம் பிரிப்பார்கள். மிச்சச் சோறு பன்றிகளுக்கு. அட்டை, தகரம், பிளாஸ்டிக் விற்பனைக்கு. காலப்போக்கில் பிளாஸ்டிக்கை அரைக்கும் இயந்திரங்களும் அவர்கள் வீடுகளுக்கே வந்துவிட்டன. எடுத்த குப்பையில் சுமார் 80 விழுக்காடு இப்படி மறுசுழற்சியானது. பணக்கார நாடுகளுக்கே எட்டாத அளவு இது!

குறைகளும் உண்டு. ஊசி குத்தி நோய் வரும்; பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளைகள் குப்பை பிரித்தார்கள். விற்கத் தக்க குப்பை கிடைக்காத ஏழைப் பகுதிகள் பல கவனிப்பாரற்றுக் கிடந்தன. ஆகவே சீர்திருத்தம் தேவையில்லை என்று சொல்வதற்கில்லை.

2003ஆம் ஆண்டு அந்தச் சீர்திருத்தம் வந்தது. ஸ்பானிய, இத்தாலிய நிறுவனங்களுக்கு 15 ஆண்டு ஒப்பந்தம். 20 விழுக்காட்டை மறுசுழற்சி செய்தால் போதும், மற்றதைப் புதைத்துவிடலாம் என்பது ஏற்பாடு. தலைமுறை தலைமுறையாகக் குப்பை எடுத்தவர்களுக்கு அதில் இடமே ஒதுக்கவில்லை. நேற்றுவரை அவர்கள் பிழைப்பாக இருந்த குப்பை, ஒரே கையெழுத்தில் நிறுவனத்தின் சொத்தாகிவிட்டது.

லாரிகள் சந்துகளுக்குள் நுழையவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்து தெருத்தொட்டியில் போட மக்கள் விரும்பவில்லை. மின்சாரக் கட்டணத்தோடு குப்பைக் கட்டணமும் கட்டிவிட்டு, பழைய குப்பைக்காரருக்கும் தனியாகக் காசு கொடுத்தார்கள். நிறுவனங்களே கடைசியில் ஸபாலீன்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்திக்கொண்ட கதையும் நடந்தது.

அடுத்த அடி 2009 ஏப்ரலில் விழுந்தது. பன்றிக் காய்ச்சல் பீதியில் சுமார் 3 லட்சம் பன்றிகளைக் கொல்ல அரசு உத்தரவிட்டது. அப்போது எகிப்தில் ஒருவருக்கும் அந்நோய் கண்டிருக்கவில்லை. அந்நோய் பன்றிகளால் பரவவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லியும் பயனில்லை. தின்ன பன்றி இல்லாததால், உணவுக் கழிவை எடுப்பதில் ஸபாலீன்களுக்கு லாபமில்லை. சில மாதங்களில் கெய்ரோவின் தெருக்கள் நாறின.

ஸபாலீன்களோடு பல்லாண்டு பணியாற்றிய லைலா இஸ்கந்தர் 2013ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அமைச்சரானார். அவர்களைச் சிறு நிறுவனங்களாகப் பதிவு செய்யும் முயற்சி அதன்பிறகே வேகம் பிடித்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பத்தாண்டுகள் அதற்குள் ஓடிவிட்டன.