இராமானுஜன் விட்ட எண்

தேக்காவில் 60 வெற்றிலை வாங்கிப் பங்கு போட்டுப் பாருங்கள். 2, 3, 4, 5, 6 என எத்தனை பேர் வந்தாலும் மீதி வராது. 60-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 12. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது.

இத்தகைய எண்களை ஆராய்ந்தவர் நம்ம கும்பகோணத்து இராமானுஜன். சென்னைத் துறைமுகக் குமாஸ்தாவாக இருந்து 1914-இல் கேம்பிரிட்ஜ் போனவர். 1915-இல் இலண்டன் கணிதக் கழக இதழில் வந்த கட்டுரையில், இப்படி நூற்றுக்கு மேற்பட்ட எண்களைப் பட்டியலிட்டார். ஆனால் நடுவில் ஒன்று விட்டுப்போச்சு! அது 293,318,625,600.

ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் அந்த எண் வரும். ஒவ்வொன்றும் எத்தனை தடவை வருகிறதோ அதோடு 1 கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2 = 5,040. அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் இத்தனை!

நான் பாடம் சொல்லும் ஜோகூர்த் தோட்டப் பள்ளியில், ஒரு கணக்குத் தப்பினால் தாளையே கசக்கி எறியும் பிள்ளைகள் உண்டு. மேதைக்கும் ஒன்று தப்பியது. ஆனாலும் அந்தக் கட்டுரையின் பெருமை குறையவில்லை. தப்பைத் திருத்துங்கள் தம்பி தங்கைகளே, தாளைக் கிழிக்காதீர்கள்!