ஒரே இளவரசர், இரண்டு கற்கள்

1875 டிசம்பர் 8ஆம் திகதி வேல்ஸ் இளவரசர் கொழும்பின் அலைதடுப்புச் சுவருக்கு முதற்கல் வைத்தார். ஒரு கிழமை கழித்து, 15ஆம் திகதி, சென்னைத் துறைமுகத்துக்கும் அவரே கல் வைத்தார். பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான அவருக்கு இவை நீண்ட பயணத்தின் இரண்டு சடங்குகள். அதற்கு மேல் நினைவில் நின்றிருக்காது. கொழும்பு மட்டக்குளியில் இருப்பவர்களுக்கும் சென்னை ராயபுரத்தில் இருப்பவர்களுக்கும் கதை வேறு. இரண்டு நகரங்களிலும் துறைமுகத்துக்கு வடக்கே குடியிருப்பது என்றால் என்ன என்பது அந்த ஒரு கிழமையில்தான் எழுதப்படத் தொடங்கியது.

இரண்டு ஊர்களும் இயற்கைத் துறைமுகம் வாய்க்காதவை. சென்னையில் கப்பல் தூரத்தில் நங்கூரமிட, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையை அறுத்துக்கொண்டு ஆளையும் பண்டத்தையும் கரை சேர்த்தன. கொழும்பிலும் கப்பல் வெளியேதான் நின்றது. சோளகம் எழும்பிவிட்டால் அந்த நிற்றலும் இல்லை. அதனால்தான் பெரிய கப்பல்கள் காலித் துறைமுகத்தை நம்பியிருந்தன. ஆக, தேவை ஒன்றுதான். எதிரி மட்டும் வேறு: கொழும்புக்கு அலை, சென்னைக்கு மணல்.

கொழும்பின் பொறியியலாளர் சேர் ஜோன் கூட் எதிரியைச் சரியாக அடையாளம் கண்டார். தென்மேற்கிலிருந்து ஒரு நீண்ட கையை நீட்டி அலையை மறித்தார். மஹரவில் கைதிகள் உடைத்த கல் ரயிலில் வந்து சேர்ந்தது. 1885இல் வேலை முடிந்தது. பி அண்ட் ஓ கப்பல்கள் அதுவரை பொறுத்திருக்காமல் 1882இலேயே காலியை விட்டுக் கொழும்புக்கு வந்துவிட்டன. சென்னையில் வில்லியம் பார்க்ஸ் கரையிலிருந்து இரண்டு கைகளை நீட்டிக் கிழக்கே வாய் வைத்தார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12ஆம் திகதிப் புயல் அதன் முனைகளைப் பிய்த்தெறிந்தது. திரும்பக் கட்டிய பிறகு மணல் வந்து வாயை அடைக்கப் பார்த்தது. 1904இல் பொறுப்பேற்ற சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்தக் கிழக்கு வாயை மூடி வடகிழக்கில் வேறு வழி திறந்தார். ஒரே கிழமையில் கல் வைத்த இரண்டில் ஒன்று உடனே பலித்தது, மற்றது முப்பது வருடம் மல்லுக்கட்டியது.

இதைப் பொறியியலாளரின் கெட்டித்தனம் என்று மட்டும் சொல்ல நான் தயாரில்லை. ஆற்றையும் பார்க்க வேண்டும். இரு கரைகளிலும் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. களனி கங்கை கொழும்புத் துறைமுகத்துக்கு வடக்கே, எங்கள் காக்கைத்தீவின் ஓரமாகக் கடலில் விழுகிறது; அது கொண்டுவரும் மணல் துறைமுகத்தைத் தொடாமல் நீர்கொழும்புப் பக்கம் போய்விடுகிறது. கூவமோ சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே விழுகிறது. துறைமுகச் சுவர் மறித்த மணல் அந்த ஆற்றின் வாயையும் சேர்த்து அடைத்தது. முகத்துவாரம் எந்தப் பக்கம் என்பதை எந்த இளவரசரும் தீர்மானிக்கவில்லை.

அடைத்த மணல் தெற்கே மெரினாவாக விரிந்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் அதன் ஓரமாக உலாப் பாதை அமைத்துப் பெயரும் வைத்தார். வடக்கே நேர்மாறு: வரவேண்டிய மணல் வராததால் ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. இன்று அங்கே கரை என்றால் கொட்டிய பாறையும் தூண்டில் வளைவும்தான். கொழும்பில் இதே கணக்கைத் தேடினால் பாதிதான் பொருந்துகிறது. காலிமுகத்திடலின் உலாப் பாதை 1859இல் ஆளுநர் வார்ட் அமைத்தது. அலைதடுப்பை விட மூத்தது, அதற்கு எந்தக் கடனும் பட்டதல்ல. ஆனால் உலாவுவது தெற்கே, மீன் இறக்குவது வடக்கே என்ற பங்கீடு அப்படியே இருக்கிறது. அங்கே காசிமேடு, இங்கே முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகம். கொள்கலன் லொறிகளின் வரிசையும் இரு பக்கமும் வடக்குக்கே உரியது.

எதிர்பாராத உறவு ஒன்று கோயில்களில் இருக்கிறது. ராயபுரத்தில் படகோட்டிகள் கட்டியெழுப்பிய ராயப்பர் கோயில். முகத்துவாரத்தில் யாகப்பர் கோயில். இயேசுவின் சீடர்களான ராயப்பரும் (பேதுரு) யாகப்பரும் (யாக்கோபு) கலிலேயாக் கடலில் வலை வீசிய அயலவர்கள். கடல் பார்த்த இரண்டு குப்பங்களும் ஒரே படகுத்துறையிலிருந்து தங்கள் காவலரைத் தெரிந்தெடுத்திருக்கின்றன.

போரும் இரண்டையும் தேடி வந்தது. 1914 செப்டெம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. எம்டன் கொழும்பைச் சுடவேயில்லை. ஆனாலும் தந்திரக்காரனை ‘அவன் ஒரு எம்டன்’ என்று சொல்ல இங்குள்ளவர்களுக்கும் தெரியும்.

நெருங்கிய காலத்து ஒற்றுமை இதைவிடக் கசப்பானது. 2017 ஜனவரி 28ஆம் திகதி எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. அதை வாளிகளால் அள்ளினார்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. அதையும் கையால்தான் பொறுக்கினார்கள். இரண்டு முறையும் முதலில் தொழிலை இழந்தவர்கள் வடக்குக் கரை மீனவர்கள். வேறுபாடு பின்னால் வந்தது: 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் கப்பல் தரப்புக்கு 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு விதித்தது.

மணலின் கதை இப்போது தலைகீழாகியிருப்பதுதான் வேடிக்கை. சென்னைக்குக் கேட்காமல் கிடைத்த நிலத்தைக் கொழும்பு காசு கொடுத்துச் செய்துகொண்டது. காலிமுகத்திடலுக்கு அருகே 269 ஹெக்டேயர் துறைமுக நகரம் கடலடி மணலை உறிஞ்சிக் கொட்டி எழுந்தது. அந்த மணல் அகழ்வை எதிர்த்து 2016இல் நீர்கொழும்பு மீனவர்கள் தெருவுக்கு வந்தார்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துப் பழவேற்காட்டு மீனவர்களும் போராடினார்கள். காட்டுப்பள்ளியும் சென்னைக்கு வடக்கேதான் இருக்கிறது.