மினிடெலின் கணக்கு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு மினிடெல் என்ற பெயர் தெரிந்திருக்கும். 1982 முதல் பிரெஞ்சு அரசுத் தொலைபேசித் துறை, அச்சிட்ட டைரக்டரிக்குப் பதிலாக அந்தச் சிறு பெட்டியை வீடுகளுக்கு இலவசமாகவே கொடுத்தது. ரயில் டிக்கெட் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் அதிலேயே பார்த்தார்கள்.

புதிதாகக் கம்பி இழுக்கவில்லை. பழைய தொலைபேசிக் கம்பிதான். அதில் ஒரு கணக்குப் போட்டார்கள். வீட்டுக்கு வருவது நொடிக்கு 1200 பிட், அதாவது சுமார் 120 எழுத்து. திரை நிறைய எட்டு நொடி ஆகும். வீட்டிலிருந்து போவது வெறும் 75 பிட், ஏழு எழுத்து. விரலால் தட்டுகிறவருக்கு அது தாராளம்.

பின்னால் வந்த ஏடிஎஸ்எல் இணைப்பும் இதே வழியில்தான்: வரவு அதிகம், போக்கு குறைவு. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தூரமாக இருந்தால் இரண்டுமே குறையும்.

அன்று நாம் அனுப்பியது எழுத்து. இன்று அனுப்புவது நம் முகம். வெளிநாட்டுப் பேரப்பிள்ளை நமக்குத் தெளிவாகத் தெரிய, அவர்களுக்கு நம் படம் அசையாமல் நின்றுவிடுகிறதா? போகும் பாதை குறுகலாக இருக்கலாம்.

மினிடெல் சேவை 2012 ஜூன் 30-ல் நின்றது. அதன் கணக்கு பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது. ஆகவே புது இணைப்பு வாங்கும்போது பதிவிறக்க வேகத்தோடு பதிவேற்ற வேகத்தையும் கேட்டு வாங்குங்கள். ஃபைபர் கிடைத்தால் அதுவே நல்லது.